கூடுதல் பொருள்: தியாடா

நான் ஈக்களுக்குச் சமைப்பவள். சொன்னால் சிரிக்கிறார்கள். புந்தோங் பாசாரில் மீன் விற்கும் ஆள் ஒருமுறை, "ஈய வெரட்டத்தான் ஆள் வைப்பாங்க, ஆக்கிப் போடவுமா வைப்பாங்க?" என்று கேட்டான். வைக்கிறார்கள். காம்பாருக்கு வெளியே, ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றின் கரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. ஈயம் எடுத்த இடத்தில் இப்போது ஈ வளர்க்கிறார்கள். வாழைப்பழத்தை மொய்க்குமே, சின்னஞ்சிறு பழ ஈ, அதுதான். ஒன்பது வருஷமாக அந்த ஈக்கும் அதன் புழுக்களுக்கும் சாப்பாடு ஆக்கிப் போடுவது என் வேலை.

அதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தேன். பிள்ளைகள் குறை சொல்லும், டீச்சர்கள் அதைவிடக் குறை சொல்வார்கள், ஈ வாயைத் திறக்காது, அதனால் இங்கே வந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் கேன்டீன் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு கரண்டியை வீசிவிட்டு வந்தவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் வீட்டுக்காரர் ராஜு அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். "ஒங்க லேப்புல கொழுப்பு ஆராய்ச்சிதான செய்றாங்க? ஈய விட்டுட்டு ஒன்னையப் புடிச்சு மெஷின்ல போடச் சொல்லு குமுதா. ஒரே நாள்ல எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கிருவாங்க" என்பார். கொழுப்பு என்ற வார்த்தை என்னை வைத்து இவ்வளவு விளையாடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சமையல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சீனி, அகர் அகர், தண்ணீர். கொதிக்க வைத்துக் கிண்டி, சூடு ஆறுவதற்குள் கண்ணாடி போத்தல்களில் ஊற்ற வேண்டும். ஆறினால் கெட்டிப்படும். இரண்டு பானை வைப்பேன். பெரிய பானை புழுக்களுக்கு. இறக்கை முளைத்த பெரிய ஈக்களுக்குச் சின்னப் பானை. இரண்டுக்கும் ஒரே செய்முறைதான், சுவரில் ஒட்டியிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பெரிய பானை பொங்கி வழிந்தது. ஈஸ்ட் நுரைக்கும், அதுவும் அன்றைக்கு ஒரேயடியாக நுரைத்துக்கொண்டு வந்துவிட்டது. அது மின்சார அடுப்புக்குள் இறங்கி, மாடி முழுக்கக் கரண்ட் போய், குளிர்பெட்டிகள் எல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தின. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் டாக்டர் லோ ஓடிவந்தார். பத்துப் பேர் பார்க்க, கேன்டீனில் இப்படித்தான் சமைத்தாயா என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் எரிகிறது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன். பருப்பு பொங்கினால் என்ன செய்வோம், கஞ்சி பொங்கினால் என்ன செய்வோம்? ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கிவிடும். சமைக்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம். நுரை அடங்கியது. அன்றிலிருந்து பெரிய பானை ஒருநாளும் பொங்கவில்லை. சின்னப் பானை பொங்குகிற அளவுக்கு நிறையாது, அதற்கு நான் எண்ணெய் விட்டதே இல்லை.

ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு போராங் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். மலாயில் அச்சடித்த தாள். மாவு எவ்வளவு, சீனி எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். கடைசி வரியில் கூடுதல் பொருள் என்று ஒரு கட்டம். அதில் நான் எப்போதும் 'தியாடா' என்று எழுதுவேன். இல்லை என்று அர்த்தம். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பொங்காமல் இருக்க விடுகிற எண்ணெயை யாராவது பொருளில் சேர்ப்பார்களா? சாம்பார் எப்படி வைத்தாய் என்று கேட்டால் பருப்பு, புளி, காய் என்று சொல்வோமே தவிர, பருப்பு வேகும்போது விட்ட சொட்டு எண்ணெயைச் சொல்வோமா? ஆனால் கை சும்மா இருக்குமா. முதலில் சொட்டு, பிறகு ஒரு கரண்டி, பிறகு போத்தலைச் சாய்த்து ஒரு சுற்று என்று ஆகிவிட்டது. பொங்கவே கூடாது என்கிற வீம்பு எனக்கு.

சாந்தினி அதற்கும் இரண்டு வருஷம் முன்பே ஆராய்ச்சி மாணவியாக எங்கள் மாடிக்கு வந்தவள். பாகான் செராய் பக்கத்துப் பெண், இருபத்தேழு வயது. வந்த முதல் வாரமே, "அக்கா, மாவு கட்டி கட்டியா கெடக்கு. எல்லாப் புழுவும் ஒரே மாதிரி சாப்புடணும், இல்லாட்டி என் கணக்கு தப்பாயிரும்" என்றாள். "அப்ப நீயே வந்து கிண்டு" என்றேன். மறுநாள் காலை ஏழரைக்கு வந்து நின்றாள், கையில் கரண்டியோடு. பாதிப் பானை கிண்டுவதற்குள் தோள் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை இல்லை. அவளுக்கு மதியச் சாப்பாடு நான்தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவேன், இல்லாவிட்டால் காம்பாரில் எதையாவது தப்பாவ் செய்து, பொட்டலமாக வாங்கிக்கொண்டு போவேன். விட்டால் பிஸ்கட்டைத் தின்றே நாளை ஓட்டிவிடுவாள்.

அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"முட்டைக்குள்ள இருக்கிறது அம்மா ஈ குடுத்த கொழுப்புக்கா. புழு வெளிய வந்ததும் நாலஞ்சு நாள் திங்கிறதுதான் வேலை. தின்னு தின்னு ஒடம்பு முழுக்கக் கொழுப்பாச் சேத்து வைக்கும். போதும்னு ஆனதும் சாப்பாட்ட விட்டுட்டு போத்தல் சுவத்துல ஏறும், பாத்திருப்பீங்க."

பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். யாரோ கூப்பிட்டது மாதிரி எல்லாம் மேலே ஏறும்.

"அங்கேயே ஒட்டிக்கிட்டு கூட்டுப்புழுவா ஆயிரும். அப்புறம் ஒரு வாய் சாப்பாடு கெடையாது. பழைய ஒடம்ப கரைச்சுத்தான் காலு, கண்ணு, றெக்கை எல்லாம் கட்டணும். அதுக்குச் செலவாகிறது சின்ன வயசுல சேத்த கொழுப்புத்தான். ஈயா வெளிய வந்த பெறகும் மிச்சம் இருக்கிற அந்தப் பழைய கொழுப்பு ரெண்டு நாளைக்கு வயித்துல மெதந்துக்கிட்டு இருக்கும். அதுவும் தீந்தாத்தான் அது முழு ஈ. ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன கொழுப்பு, எவ்வளவுன்னு பாக்கிறதுதான் என் வேலைக்கா."

எத்தனை வருஷமாக ஆக்கிப் போடுகிறேன், நான் போட்டது இறக்கையாக மாறுகிறது என்று ஒரு பயலும் எனக்குச் சொன்னதில்லை.

போன வருஷம் ஒருநாள் என் கையைப் பிடித்து மெஷின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது. பன்னிரண்டு கார்பன் கொண்ட ஒரு கொழுப்பாம். எந்த ஈயிலும் கொஞ்சம் இருக்குமாம், ஆனால் இவளுடைய புழுக்களில் மலை மாதிரி இருக்கிறதாம். கூட்டுப்புழுவில் பாதியாகக் குறைகிறது, பெரிய ஈயில் வழக்கமான அளவுக்கு வந்துவிடுகிறது.

"சின்ன வயசுல மட்டும் இருக்கிற கொழுப்பா?" என்றேன்.

"அப்படித்தான் தெரியுதுக்கா. புழுவே அதச் செஞ்சுக்குது. யாரும் இத இவ்வளவு பாத்ததில்ல."

"எங்க வீட்டாளுங்களுக்கு எல்லாம் வயசான பெறகுதான் கூடுது" என்றேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவள் கவனமில்லாதவள் இல்லை. அன்றைக்கே கேட்டாள். "அக்கா, சாப்பாட்டுல புதுசா ஏதும் சேத்தீங்களா?" நான், "ஒண்ணும் சேக்கல" என்றேன். புதுசாக ஒன்றும் சேர்க்கவில்லைதானே. அப்படியும் விடாமல், சாப்பாட்டையே எடுத்து மெஷினில் போட்டுப் பார்த்தாள். எடுத்தது சின்னப் பானைச் சாப்பாடு. அது சின்னக் குழாய்களில் இருக்கும், எடுக்க வசதி. இரண்டும் ஒரே சாப்பாடு என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அதில் அந்தக் கொழுப்பு இல்லை. சாப்பாட்டில் இல்லை, புழுவில் இருக்கிறது, அப்படியென்றால் புழுவே செய்கிறது. கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் லோ எல்லாருக்கும் கேக் வெட்டினார்.

இந்த வருஷம் ஜூனில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை முதலிலிருந்து செய்து காட்டுங்கள் என்று. அதே நேரத்தில் எனக்கு ஈப்போ மருத்துவமனையில் முட்டியில் ஆப்பரேஷன். ஆறு வாரம் லீவு. என் சமையலை சாந்தினியே செய்தாள். பெரிய பானையைக் கிண்டத் தோளில் தெம்பில்லாமல், சின்னப் பானையிலேயே நாலு தடவை ஆக்கியிருக்கிறாள்.

கோபுரம் வரவில்லை. திரும்பச் செய்தாள். வரவில்லை.

நான் ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பியது ஒரு வெள்ளிக்கிழமை. சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, ஆள் பாதியாகிவிட்டாள். பக்கத்தில் உட்காரலாம் என்றால் என் முட்டி மடங்காது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நான் நம்பரக் கட்டிவிட்டேன்னு நெனைக்கிறாங்கக்கா" என்றாள். "ஆளுங்க பாக்கும்போது காணாமப் போற கொழுப்பு என்ன கொழுப்புன்னு டாக்டர் கேக்கிறாரு. மூணு பேர் வச்சு விசாரிக்கப் போறாங்க. ஒண்ணு நான் ஏமாத்தியிருக்கணும், இல்லாட்டி மாதிரிகள மாத்தி வச்சிருக்கணுமாம். அதே குளிர்பெட்டியில செம்பனைக் கொட்டை எண்ணெய் டப்பா இருந்துச்சு, இன்னொருத்தரோட ஆராய்ச்சி. முந்தா வருஷம் டிசம்பர்ல மழையில கரண்ட் போனப்ப எல்லாத்தையும் எடுத்து மாத்தி வச்சோம்ல, அப்ப என் புழுவுல அது கலந்திருக்கும்னு சொல்றாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அந்த எண்ணெயில பாதி இந்தக் கொழுப்புத்தான்கா. செம்பனைக் கொட்டையிலயும் தேங்கா எண்ணெயிலயும் பாதிக்குப் பாதி பன்னிரண்டு கார்பன்தான்."

தேங்காய் எண்ணெய் என்றாள். போத்தல் என் தலைக்குப் பின்னால், அலமாரியில், துடைக்கும் துணிகளுக்கு நடுவில் இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பெரிய பானை, சின்னப் பானை, நான் லீவு போட்ட ஆறு வாரம், எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. மெஷின் படித்தவர்களுக்கு விளங்காதது அடுப்படிக்காரிக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். "சாப்புட்டியா?" என்றுதான் வந்தது.

ஏன் சொல்லவில்லை? எத்தனை தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். என் கான்ட்ராக்ட் செப்டம்பரில் முடிகிறது, புதுப்பிக்கிறதும் விடுகிறதும் டாக்டர் லோ கையில். இரண்டு வருஷப் போராங் முழுக்க 'தியாடா' என்று என் கையெழுத்து. அதெல்லாம் பயம். பயத்தையாவது சொல்லிக்கொள்ளலாம். அதைவிடக் கேவலம், அந்த ஆள் மறுபடி பத்துப் பேர் முன்னால் கேன்டீனில் இப்படித்தான் சமைத்தாயா என்று கேட்பார் என்பதுதான் என் கண் முன்னால் நின்றது. அன்று சாயங்காலம் போத்தலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ராஜு என்ன என்று கேட்டார். எண்ணெய் என்றேன்.

திங்கட்கிழமை முதல் விசாரணை. சாந்தினி வெளியே வந்து சமையலறைக்குத்தான் வந்தாள்.

"பச்ச மூடி டப்பா, பச்ச மூடி டப்பான்னு திரும்பத் திரும்பக் கேக்கிறாங்கக்கா. என் டப்பா எல்லாம் வெள்ள மூடி. பச்ச மூடி அந்த எண்ணெய் டப்பா, அத நான் தொட்டதே இல்ல. எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்ல."

"அப்ப அதையே சொல்லு" என்றேன்.

புதன்கிழமை இரண்டாவது விசாரணை. அன்றைக்கு வந்தபோது, "தொட்டிருப்பேனோன்னு தோணுதுக்கா" என்றாள். "அன்னிக்கு ஒரே இருட்டு. கை டார்ச்ச வச்சுக்கிட்டுத்தான் எடுத்தோம்." நான் அகர் அகரை அளந்துகொண்டிருந்தேன். அளந்துகொண்டே இருந்தேன். தானாக அடங்கிவிடும், எப்படியாவது அடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு. ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். வியாழக்கிழமை அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன், அவள் பிரிக்கவே இல்லை. பிரிக்காத பொட்டலத்தைப் பார்த்து அவள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை, "பக்கத்துல வந்து உக்காருங்கக்கா, பயமா இருக்கு" என்று கூப்பிட்டாள். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, யோசித்துவிட்டு வா என்று அவளை வெளியே அனுப்பினார்கள். கையில் ஒரு கடிதம். கரண்ட் போன நாளில் கவனக்குறைவால் மாதிரிகளை மாற்றி வைத்துவிட்டேன், என் முடிவுகள் எல்லாம் தவறு, ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கவனக்குறைவு என்பதோடு முடிந்துவிடும். போடாவிட்டால் மோசடி என்று மேலே போகும்.

"போடவாக்கா?" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் கடவுளே வந்தாலும் தரமாட்டார். அவள் முகத்தைப் பார்த்தேன். போட்டுவிட்டால் இது முடிந்துபோகும், யாரும் என் அலமாரியைத் திறக்கமாட்டார்கள்.

"போடு" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் போட்டாள். அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை. ராஜு டீ குடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள போயிருச்சாமே. நாலு வருஷப் படிப்புல்ல, பாவம்" என்றார். நான் எழுந்து கார்ச் சாவியை எடுத்தேன். முட்டி ஆறாமல் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ராஜு பின்னாலேயே வந்தார். "ஒரு வார்த்த பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

பாகான் செராயைத் தாண்டி, வயல் முடிந்து செம்பனை தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. அந்தக் காலத்தில் ரப்பர் எஸ்டேட். மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை போட்டு முப்பது வருஷம் இருக்கும். லைன் வீடுகளில் நாலே குடும்பம் மிச்சம். நானும் சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு லைனில் பிறந்தவள்தான், கூரை ஒழுகுகிற வீட்டைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை. கதவைத் தட்டினேன்.

அவள் அம்மா முத்தம்மா திறந்தார். கையுறை ஃபேக்டரிச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பி நின்றார். "நீங்கதான் சோறு கட்டிக் குடுக்கிற குமுதாவா? நல்லா இருப்பீங்கம்மா. உள்ள வாங்க, அது நேத்திலேர்ந்து படுத்தே கெடக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஃபேக்டரி வேன் வந்து அவர் போய்விட்டார்.

சாந்தினி எழுந்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பெரிய பானை, நுரை, தேங்காய் எண்ணெய், சின்னப் பானையில் எண்ணெய் இல்லை, எல்லாம் சொன்னேன். "புழுவுல நீ பாத்தது நான் ஊத்துன எண்ணெய். நீ எதையும் மாத்தி வைக்கல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்கக்கா" என்றாள். "போன வருஷம் குளிர்பெட்டிக் கதவு தொறந்து கெடந்ததுக்கும் நீங்கதான்னு சொல்லி, எனக்கு வந்த திட்ட நீங்க வாங்கிக்கிட்டீங்க. அன்னிக்கு நீங்க வேலைக்கே வரல. உங்களுக்கு எம்மேல பாசம் ஜாஸ்திலா."

"அது வேற, சாந்தினி. இது நெசம்."

"ஒரு சொட்டு எண்ணெயில என்னக்கா வந்துரும்?"

"சொட்டு இல்ல. போத்தலச் சாய்ச்சு ஒரு சுத்து."

"இல்லக்கா" என்றாள், பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக. "நாந்தான் மாத்தி வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பச்ச மூடி டப்பா. என் டப்பாவுக்கு மேல வச்சேன், மூடி சரியா மூடல. கையில அந்தக் குளிர் பட்டது கூட ஞாபகம் இருக்கு."

திங்கட்கிழமை பச்சை மூடியே தெரியாது என்றவள். ஐந்து நாளில் அவளுக்கு அந்தக் குளிர் வரை ஞாபகம் வந்துவிட்டது. மூன்று படித்த மனிதர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு அவளுக்குள் அதை வைத்திருக்கிறார்கள். வைப்பதற்கு இடம் கொடுத்தது நான். அவள் பொய் சொல்லவில்லை. இனி எத்தனை வருஷமானாலும் அந்த டப்பாவை அவள் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பாள். ஆண்டவனே, இதை எப்படி எடுப்பேன்? எண்ணெயைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது என் பாசம் என்று நினைப்பாள். பாசத்தால் யாரும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் ஈப்போவிலிருந்து வந்திருந்தேன்.

"எனக்கு எட்டு நாளாத் தெரியும்" என்றேன்.

சிரித்த முகம் மாறாமல் என்னையே பார்த்தாள்.

"போன வெள்ளிக்கிழமை, தரையில உக்காந்து தேங்கா எண்ணெய்னு சொன்னியே, அந்த நொடியிலயே தெரிஞ்சுக்கிட்டேன். போத்தல் அங்கதான் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுபோயி ஒளிச்சு வச்சேன். திங்க, புதன் நீ வந்து சொன்னப்ப எல்லாம் தெரியும். வேல போயிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பு மெல்ல அவள் முகத்தைவிட்டுப் போனது. விரல்களை மடித்து எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. எட்டாவது விரலில், நேற்றைய வெள்ளியில் நின்றாள். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போடவான்னு கேட்டேன்" என்றாள்.

"கேட்ட."

"போடுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுவாள், என்னை அடிப்பாள் என்றெல்லாம் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் கையை விரித்து, உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப நான் மாத்தி வைக்கல" என்றாள், என்னிடம் இல்லை. குரல் உடைந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் சரியாகிவிட்டது.

நான் அவள் தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு தாளும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை நானே கொண்டுபோயிக் குடுக்கிறேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் அக்கா இல்லாமல் என்னிடம் அவள் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மலாயில் எழுதினேன். பானை, எண்ணெய், எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், இதைச் சில நாட்களாக அறிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். பேனாவை எடுத்து 'சில' என்ற வார்த்தையை ஒரே கோடாக அடித்து, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எட்டு" என்றாள். "எண்ணாலயும் போடுங்க, எழுத்தாலயும் போடுங்க."

போட்டேன்.